வேதிப்பொருளால் வரும் திசுச் சேதமும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருளும்: எலி ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையிலும் அதைச் சுற்றியும் உள்ள உயிர்வேதியியல் துறைகளிலும் மருந்தியல் கல்லூரிகளிலும் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு. ஒரு நச்சு வேதிப்பொருளை எலிக்குக் கொடுத்துக் கல்லீரலையோ சிறுநீரகத்தையோ சேதப்படுத்தி, ஒரு மூலிகைச் சாறோ வைட்டமினோ அந்தச் சேதத்தை எவ்வளவு குறைக்கிறது என்று அளப்பதே அது. இத்தகைய ஆய்வேடுகளில் பெரும்பாலானவை "இச்சாறு தன் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனால் கல்லீரலைக் காக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன. அவற்றில் உள்ள தரவு கல்லீரல் காக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டுகிறதே தவிர, எதனால் காக்கப்பட்டது என்பதைக் காட்டுவதில்லை.

இந்த வழிகாட்டி அந்த இடைவெளியை நிரப்புவதற்காக எழுதப்படுகிறது. நச்சு உடலில் நுழைவதிலிருந்து செல் இறப்பது வரை பல படிகள் உள்ளன. சேதம் அவற்றுள் எந்தப் படியில் தடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை தரும் வகையில் ஆய்வை முதல் நாளிலிருந்தே எப்படி அமைப்பது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. கார்பன் டெட்ராகுளோரைடையும் கல்லீரலையும் முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பிற நச்சுகளைத் தேவையான இடத்தில் தொட்டுச் செல்கிறேன்.

முதல் படி: நச்சின் வழியைத் தாளில் எழுதுங்கள்

செடியைத் தேடிப் போவதற்கு முன், நீங்கள் பயன்படுத்தப்போகும் நச்சு எந்த வரிசையில் திசுவைக் கெடுக்கிறது என்பதை ஒரு தாளில் அம்புக்குறியிட்டு வரைந்துகொள்ளுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு தன்னளவில் பெரிய வினைத்திறன் கொண்ட பொருள் அன்று. கல்லீரல் செல்லின் எண்டோபிளாச வலையில் உள்ள சைட்டோகுரோம் பி450 நொதிகள், அவற்றுள்ளும் குறிப்பாக 2ஈ1 என்ற வகை, அதைச் சிதைத்து டிரைகுளோரோமெத்தில் ரேடிக்கலாக, அதாவது தனி எலக்ட்ரானோடு எளிதில் வினைபுரியும் துகளாக, மாற்றுகின்றன. அது ஆக்சிஜனோடு சேர்ந்து, இன்னும் வேகமாக வினைபுரியும் பெராக்சில் ரேடிக்கலாகிறது. இந்த ரேடிக்கல் செல் சவ்வுகளில் உள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, அங்கே லிப்பிட் பெராக்சிடேஷன் என்ற சங்கிலி வினை தொடங்குகிறது. சவ்வு ஓட்டையாகிக் கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. இறந்த செல்களைச் சுற்றி அழற்சிச் செல்கள் கூடுவதும் அவை புதிதாக ரேடிக்கல்களை உமிழ்வதும் அதற்குப் பின் நடப்பவை.

கல்லீரல் நுண்மடலின் மையச் சிரையைச் சுற்றியுள்ள பகுதியில்தான் 2ஈ1 நொதி அடர்த்தியாக இருப்பதால், திசு இறப்பும் அங்கேதான் தொடங்குகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது சேதம் இந்தப் பகுதியில் இல்லாமல் போர்ட்டல் பகுதியில் தெரிந்தால், நீங்கள் காண்பது கார்பன் டெட்ராகுளோரைடின் வேலைதானா என்று ஐயப்பட வேண்டும்.

இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் சாறு எங்கெல்லாம் தடைபோடக்கூடும் என்று பாருங்கள். அது 2ஈ1 நொதியை அடக்கியிருக்கலாம். அப்படியானால் ரேடிக்கலே உருவாகியிருக்காது, எதிர்ப்பொருளுக்கு வேலையே வந்திருக்காது. பிறந்த ரேடிக்கலை நேரடியாகப் பிடித்திருக்கலாம். சங்கிலி வினையை வைட்டமின் ஈ போல நடுவில் அறுத்திருக்கலாம். செல்லின் சொந்தக் காப்புப் பொருளான குளூட்டாதயோனின் இருப்பை முன்கூட்டியே உயர்த்தியிருக்கலாம். அழற்சியை மட்டும் தணித்திருக்கலாம். ஐந்திலும் ஏ.எல்.டி. குறையும், ஐந்திலும் லிப்பிட் பெராக்சிடேஷனின் விளைபொருளான மலோண்டைஆல்டிஹைடு குறையும். ஆகவே அந்த இரு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு வழிமுறையைப் பற்றிப் பேச முடியாது.

நச்சு மாறினால் வரைபடமும் மாறும். பாரசிட்டமால் அதே 2ஈ1 நொதியால் என்.ஏ.பி.கியூ.ஐ. என்ற பொருளாக மாறி, குளூட்டாதயோனைத் தீர்த்துவிட்டுப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. மருத்துவமனைகளில் இதற்கு முறிவாகத் தரப்படும் என்-அசிட்டைல்சிஸ்டீன் முதன்மையாகக் குளூட்டாதயோனை மீண்டும் நிரப்பும் மூலப்பொருளாகவே உதவுகிறது. எலி பாரசிட்டமாலை ஓரளவு தாங்கும் விலங்கு என்பதால், இந்த நச்சுக்குச் சுண்டெலியே ஏற்றது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் குழலில் சேர்ந்து சேதம் செய்கிறது. அதோடு தயோல் தொகுதி கொண்ட எதிர்ப்பொருள் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால், அது பிளாட்டினத்தையே பிணைத்து மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். அதை ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்று எழுதுவது பிழை. இதயத்துக்கு டாக்சோரூபிசினும் ஐசோபுரோட்டெரினாலும், கணையத்துக்கு அலாக்சனும் ஸ்டிரெப்டோசோட்டோசினும் வழக்கில் உள்ளன. அவற்றுக்கும் இதே முறையில் வரைபடம் போடுங்கள்.

இரண்டாம் படி: அனுமதி

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960 இன் கீழ் அமைந்த மத்தியக் குழுவிடம் பதிவு பெற்ற விலங்குக் கூடத்தில்தான் இந்த ஆய்வைச் செய்யலாம். சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று நெடுங்காலம் அறியப்பட்ட அக்குழு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று அழைக்கப்படுகிறது. எலி, சுண்டெலி, கினிப்பன்றி, முயல் ஆகியவற்றுக்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவே பி படிவத்தைப் பரிசீலித்து அனுமதி தரலாம். ஒப்புதல் எண் கைக்கு வருமுன் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. "முன்னோட்டம்தானே" என்பது ஏற்கத்தக்க காரணம் அன்று, முன்னோட்டத்துக்கும் விண்ணப்பத்திலேயே இடம் கேட்க வேண்டும்.

1959 இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு என்ற மூன்று நெறிகளைப் படிவத்தில் சடங்காக நிரப்புவது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில், ஏற்கெனவே பல முறை அதே நச்சுக்கு எதிராகச் சோதிக்கப்பட்ட ஒரு செடியை, புதிய கேள்வி ஏதும் இல்லாமல் இன்னொரு முறை சோதிப்பதற்கு எலிகளைக் கொல்வது நியாயம் இல்லை. வழிமுறையைக் கேட்கும் ஆய்வுக்கே அந்த உயிர்களைக் கேட்கும் உரிமை உண்டு.

மூன்றாம் படி: செடியும் சாறும்

நம் பகுதியில் மஞ்சள் காமாலை என்றதும் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. மழைக்காலத்தில் சோழவந்தான், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து வரப்புகளில் களையாகவே முளைத்துக் கிடக்கும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பில்லாந்தஸ் இனங்கள் பல ஒரே பெயரில் சந்தைக்கு வருகின்றன. பில்லாந்தஸ் அமாரஸில் பில்லாந்தின் என்ற லிக்னான் நல்ல அளவில் இருக்கும். பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் யூரினேரியா போன்றவற்றில் நிலைமை வேறு. மாசி வீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த சருகாக வாங்கினால் எந்த இனம் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே பூவும் காயும் உள்ள பசுஞ்செடியை நீங்களே பறித்து, ஒரு தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை எண்ணிட்டு ஹெர்பேரியத்தில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பறிக்கும் இடமும் முக்கியம். மல்லிகைத் தோட்டத்து ஓரத்திலும் தீவிரமாகப் பூச்சிமருந்து அடிக்கும் காய்கறி வயல் வரப்பிலும் பறித்த செடியில் எச்சம் இருக்கும். பூச்சிமருந்துகளில் சில கல்லீரலின் நொதிகளைத் தூண்டவோ அடக்கவோ செய்பவை. அவை உங்கள் சாற்றில் புகுந்தால், செடியின் பெயரில் பூச்சிமருந்தின் விளைவை அளந்துகொண்டிருப்பீர்கள். அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் பறிப்பதாக இருந்தால், காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறை அனுமதி தேவை என்பதை மறவாதீர்கள்.

நிழலில் உலர்த்தி, பொடித்து, 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைத்தோ சாக்ஸ்லெட்டில் வடித்தோ, ரோட்டரி எவாப்பரேட்டரில் வெப்பம் கூடாமல் வற்றவைத்து, எத்தனால் முழுவதும் நீங்கியதை உறுதிசெய்யுங்கள். எஞ்சிய எத்தனால் 2ஈ1 நொதியோடு நேரடியாக உறவாடும் பொருள். ஒரே தடவையில் முழு ஆய்வுக்கும் போதுமான சாற்றை எடுத்து, அதில் ஒரு குறியீட்டுச் சேர்மத்தின் அளவை எச்.பி.டி.எல்.சி. என்ற மெல்லடுக்கு நிறப்பகுப்பு முறை கொண்டு பதிவு செய்யுங்கள். ரேடிக்கலைப் பிடிக்கும் திறனைச் சோதனைக்குழாயில் அளக்கும் டி.பி.பி.எச். சோதனை சாற்றைத் தேர்ந்தெடுக்க உதவும். குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றம் அடைந்து, செல்லுக்குள் போய்ச் சேரும் அளவு என்ன என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மஞ்சளில் உள்ள குர்குமின் குழாயில் மிகத் திறமானது, ஆனால் வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் மிகக் குறைவாகவே தென்படுகிறது என்பது இதற்குப் போதிய சான்று.

நான்காம் படி: எலிக்கூடம்

எலிகளுக்கு 22 டிகிரி செல்சியஸை ஒட்டி, மூன்று டிகிரி கூடக்குறையலாம் என்ற வரம்புக்குள் வெப்பநிலையும், 12 மணி நேர ஒளியும் 12 மணி நேர இருளும் தேவை. மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே 38 டிகிரியைத் தாண்டும் நாள்கள் தொடர்ந்து வருகின்றன. குளிர்சாதனம் சில மணி நேரம் நின்றாலே அறை கொதிக்கத் தொடங்கிவிடும். வெப்பத் தாக்கமே எலியின் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கும். அப்போது நச்சு கொடுக்காத எலியிலும் மலோண்டைஆல்டிஹைடு உயர்ந்து, தொகுதிகளுக்கு இடையிலான வேறுபாடு மங்கிவிடும். ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத கூடமாக இருந்தால் ஆய்வை கார்த்திகை முதல் மாசி வரையான மாதங்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது. அறையின் உச்ச வெப்பநிலையையும் குறைந்த வெப்பநிலையையும் நாள்தோறும் குறித்துவையுங்கள். தரவு விநோதமாகத் தெரியும்போது முதலில் புரட்ட வேண்டிய ஏடு அதுதான்.

ஒலியும் எலியைப் பாதிக்கும். நகரின் நடுவில் உள்ள கூடங்களில் சித்திரைத் திருவிழா நாள்களில் ஒலிபெருக்கியும் வேட்டும் இரவு பகலாகக் கேட்கும். தீவனமும் வேதிப்பொருளும் வந்து சேர்வதும் தடைபடும். டோஸ் கொடுக்கும் காலமும் அறுவை நாளும் அந்த வாரத்தில் விழாதபடி நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

தீவனத்திலேயே வைட்டமின் ஈயும் செலினியமும் சேர்க்கப்பட்டிருக்கும். ஆய்வு முழுவதற்கும் ஒரே தயாரிப்பு எண் கொண்ட தீவனத்தை வாங்கிவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்த எலிகளுக்குக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

ஐந்தாம் படி: தொகுதிகள், டோஸ், கரைப்பான்

அடிப்படை அமைப்பில் ஆறு தொகுதிகள் வரும். கரைப்பானும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் பெறும் இயல்புத் தொகுதி, சாறு மட்டும் பெறும் தொகுதி, நச்சு மட்டும் பெறும் தொகுதி, நச்சோடு, கல்லீரல் காப்புப் பொருளாக ஏற்கெனவே அறியப்பட்ட சிலிமாரின் பெறும் தொகுதி, நச்சோடு சாற்றின் குறைந்த டோஸும் கூடிய டோஸும் பெறும் இரு தொகுதிகள். "சாறு மட்டும்" தொகுதியைச் செலவு கருதிப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், சாறு தானே கல்லீரலைத் தொடுகிறதா என்பதும், நச்சுக்கு முன்பே குளூட்டாதயோனை உயர்த்தியிருக்கிறதா என்பதும் தெரியாது.

ஒப்பீட்டுப் பொருளாக எலிக்கு வைட்டமின் சி கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எலி தன் கல்லீரலிலேயே அதைத் தயாரித்துக்கொள்கிறது; மனிதனும் கினிப்பன்றியும் அப்படிச் செய்ய இயலாது. வைட்டமின் சி தான் கேள்வி என்றால் கினிப்பன்றியைத் தேர்ந்தெடுங்கள்.

தொகுதிக்கு ஆறு எலி என்பது நம் ஊர் வழக்கம். முன் தரவு ஏதும் இல்லாதபோது, மொத்த எலிகளிலிருந்து தொகுதிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையே வர வேண்டும் என்ற கணக்கைப் பயன்படுத்தலாம். ஆறு தொகுதிகளுக்கு ஆறு ஆறாக 36 எலி என்றால் 30 வருகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. நான்கு நான்காக 24 என்றால் 18. ஆனால் கார்பன் டெட்ராகுளோரைடுக்கு எலிக்கு எலி விளைவு பெரிதும் வேறுபடும் என்பதால், சிறிய முன்னோட்டத்திலிருந்து திட்டவிலக்கத்தை எடுத்துப் புள்ளியியல் திறன் கணக்குப் போடுவதே சரியான வழி. நெறிமுறைக் குழுவும் அதைத்தான் கேட்கும். எலிகளைத் தொகுதிகளில் பிரிக்கும்போது கையில் அகப்பட்டதை எடுத்துப் போடாமல், எடைவாரியாக அடுக்கிச் சமவாய்ப்பு எண்களால் பிரியுங்கள்; கடைசியில் பிடிபடும் எலி பெரும்பாலும் சுறுசுறுப்பான எலியாக இருக்கும், அது ஒரே தொகுதியில் சேரக் கூடாது.

டோஸ் கணக்கை ஓர் எலிக்கு முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எலியின் எடை 180 கிராம். சாறு கிலோவுக்கு 200 மி.கி. என்றால் இதற்கு 36 மி.கி. வேண்டும். மில்லிக்கு 20 மி.கி. செறிவில் தயாரித்தால் 1.8 மில்லி வருகிறது. கிலோவுக்கு 10 மில்லி என்ற வாய்வழி அளவுக்குள் அடங்குகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு கிலோவுக்கு 1 மில்லி, ஆலிவ் எண்ணெயில் சம பங்கு கலந்தால் கிலோவுக்கு 2 மில்லி. ஆக இந்த எலிக்கு வயிற்றறைக்குள் 0.36 மில்லி. அந்த நச்சைக் கண்ணாடிச் சிரிஞ்சில் எடுங்கள், பாலிஸ்டைரீன் பாத்திரங்களை அது கரைத்துவிடும். ஃபியூம் ஹூடுக்குள்ளும் கையுறையோடும் மட்டுமே கையாளுங்கள். அது மனிதக் கல்லீரலையும் அதே வழியில் கெடுக்கும். ஓசோன் படலத்தை அரிக்கும் பொருளாக மாண்ட்ரியல் உடன்பாட்டால் கட்டுப்படுத்தப்பட்டது என்பதால், மீதியைத் தொட்டியில் ஊற்றாமல் ஆலசன் கழிவாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்.

சாற்றையும் நச்சையும் இரண்டையும் வாய்வழி கொடுக்காதீர்கள். சாற்றில் உள்ள டானினும் நாரும் குடலிலேயே நச்சைப் பிடித்துக்கொண்டால், கல்லீரல் காக்கப்பட்டதுபோல் தோன்றும்.

கரைப்பான் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. சாறு கரையவில்லை என்று டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானைச் சேர்ப்பது வெகு எளிதாக நடந்துவிடுகிறது. டி.எம்.எஸ்.ஓ. ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடிக்கும். 2ஈ1 நொதியையும் அடக்கும். புரொப்பிலீன் கிளைக்காலும் அந்த நொதியைத் தடுக்கிறது. பாரசிட்டமால் ஆய்வில் இவை தாமாகவே பாதுகாப்புத் தரும். 0.5 விழுக்காடு கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸில் மிதவையாகக் கொடுப்பது பாதுகாப்பானது. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு எடுத்தால் போதும்.

ஆறாம் படி: எப்போது கொடுப்பது

வழிமுறையைக் கண்டறியும் வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது, இங்கேதான் தவறவும் விடப்படுகிறது. வழக்கமான திட்டத்தில் சாற்றை ஏழு நாள் கொடுத்து, கடைசி டோஸ் முடிந்து ஒரு மணி நேரத்தில் நச்சைச் செலுத்துகிறார்கள். அந்த நேரத்தில் சாற்றின் சேர்மங்கள் கல்லீரலில் நிறைந்திருக்கும்; அவை 2ஈ1 நொதியோடு போட்டியிட்டு நச்சின் மாற்றத்தையே தடுத்திருக்கக்கூடும்.

இதைப் பிரித்தறிய, சாற்றை நச்சுக்குப் பின் கொடுக்கும் தொகுதி ஒன்றைச் சேருங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு ரேடிக்கலாக மாறுவதும் சங்கிலி வினை தொடங்குவதும் முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகின்றன. அதன்பிறகு கொடுத்த சாறும் சேதத்தைக் குறைத்தால், நொதியை அடக்கியதால் வந்த பாதுகாப்பு என்ற ஐயம் பெருமளவு நீங்கும். முன்கூட்டிக் கொடுத்தபோது மட்டும் பலன் இருந்து, பின்னால் கொடுத்தபோது பலன் முற்றிலும் இல்லையென்றால், உங்கள் சாறு நச்சின் பிறப்பைத் தடுக்கும் பொருளாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதுவும் மதிப்புள்ள முடிவே, ஆனால் வேறு முடிவு.

இதோடு, கல்லீரல் தானே ஆறிக்கொள்ளும் உறுப்பு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒற்றை டோஸ் நச்சுக்குப் பின் ஏ.எல்.டி. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அடுத்த சில நாள்களில் எந்த மருந்தும் இல்லாமலே இறங்கும். நச்சுக்குப் பின் ஒரு வாரம் சாறு கொடுத்துக் "குணமானது" என்று எழுத விரும்பினால், அதே ஒரு வாரம் கரைப்பான் மட்டும் பெற்ற தொகுதி கட்டாயம் வேண்டும்.

டோஸ் நேரத்தையும் நிலைநிறுத்துங்கள். எலிகளின் கல்லீரலில் குளூட்டாதயோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். பட்டினி அதை மேலும் குறைக்கும். ஒரு தொகுதிக்குக் காலை எட்டு மணிக்கும் இன்னொன்றுக்கு மாலை நான்கு மணிக்கும் நச்சு கொடுத்தால், அந்த வேறுபாடே ஒரு மருந்துபோல் வேலை செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் தொகுதியிலிருந்தும் ஓர் எலியை எடுத்து வரிசையாகக் கொடுப்பதுதான் முறை.

ஏழாம் படி: அறுவை நாள்

ஈதரைத் தவிர்த்து, கீட்டமின்-சைலசின் மயக்கத்தில் இதயத்திலிருந்து இரத்தம் எடுங்கள். ஊசியை வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து ஏ.எஸ்.டி.யும் எல்.டி.எச். என்ற நொதியும் பொய்யாக உயரும். இளஞ்சிவப்பாகத் தெரியும் சீரத்தை ஒதுக்கிவிடுங்கள். அடுத்து, போர்ட்டல் சிரை வழியே குளிர்ந்த 0.9 விழுக்காடு சலைனைச் செலுத்திக் கல்லீரல் வெளிறும்வரை கழுவ வேண்டும். சிவப்பணுக்களில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகளான கேட்டலேசும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேசும் ஏராளமாக இருப்பதால், கழுவாத கல்லீரலில் நீங்கள் அளப்பது இரத்தத்தின் நொதியாகிவிடும்.

கல்லீரலை அங்கேயே பனிக்கட்டியின் மேல் மூன்றாகப் பிரியுங்கள். இடது மடலின் ஒரு துண்டு திசுவியலுக்காக 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலினுக்குப் போகும். இன்னொரு துண்டை 1.15 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடில் 10 விழுக்காடு ஹோமோஜெனேட்டாக அரைக்க வேண்டும். மூன்றாவது துண்டு மைக்ரோசோமுக்காக (2ஈ1 நொதி உள்ள எண்டோபிளாச வலையின் துணுக்குகள்) 0.25 மோலார் சுக்ரோஸில் அரைபடும். முதலிலேயே பிரித்துவிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சுக்ரோஸ், மலோண்டைஆல்டிஹைடை அளக்கும் டி.பி.ஏ. (தயோபார்பிட்யூரிக் அமில) சோதனையில் தானே நிறம் கொடுத்துக் குழப்பும். எஞ்சியதைச் சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள்.

எட்டாம் படி: அளவீடுகள்

லிப்பிட் பெராக்சிடேஷனுக்கு டி.பி.ஏ. சோதனை 532 நானோமீட்டரில் இளஞ்சிவப்பு நிறத்தைப் படிக்கிறது. மாதிரியைக் கொதிக்கவைக்கும்போதே புதிதாகப் பெராக்சிடேஷன் நடக்கும். அதைத் தடுக்க பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சிடொலுயீன் என்ற எதிர்ப்பொருளைச் சிறிது சேர்க்க வேண்டும். பிலிரூபினும் சர்க்கரைகளும் இந்த நிறத்தில் கலப்படம் செய்வதால், வாய்ப்பிருந்தால் எச்.பி.எல்.சி. வழியாக உறுதிசெய்யுங்கள்.

குளூட்டாதயோனை எல்மன் வினைப்பொருளால் 412 நானோமீட்டரில் அளக்கிறோம். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தால் புரதத்தைப் படியவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, பி.எச். 8 உள்ள பஃபரில் கலந்தவுடன் மஞ்சள் தோன்றும்; சில நிமிடத்தில் படித்துவிட வேண்டும். பாரசிட்டமால் ஆய்வாக இருந்தால் 24 மணி நேர அளவு மட்டும் போதாது. சுண்டெலியில் குளூட்டாதயோன் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சரிந்து, 24 மணி நேரத்தில் மீண்டு எழுந்திருக்கும். ஆகவே ஒரு சிறு தொகுதியை இரண்டு மணி நேரத்தில் அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேசுக்கு பைரோகலால் முறையும், கேட்டலேசுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு குறைவதை 240 நானோமீட்டரில் பார்க்கும் முறையும் நம் ஆய்வகங்களில் நிலைத்துள்ளன. எல்லாவற்றையும் புரத அளவால் வகுத்தே எழுதுங்கள்.

விடுபடக் கூடாதது 2ஈ1 நொதியின் அளவீடு. பாரா-நைட்ரோஃபீனாலை நைட்ரோகேட்டக்காலாக மாற்றும் வேகத்தை மைக்ரோசோமில் அளந்தால் போதும். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லாத கல்லூரிகளில் கால்சியம் குளோரைடு சேர்த்து மைக்ரோசோமைக் குறைந்த வேகத்திலேயே படியவைக்கும் முறை கைகொடுக்கும். இதைச் "சாறு மட்டும்" தொகுதியில் அளக்க வேண்டும். நச்சு பெற்ற எலியில் அளந்தால், கார்பன் டெட்ராகுளோரைடு தானே அந்த நொதியை அழித்திருப்பதால் விடை கிடைக்காது.

திசுத் துண்டுகளைப் பாரஃபினில் பதித்து 5 மைக்ரான் தடிமனில் வெட்டி, ஹீமட்டாக்சிலின்-இயோசின் சாயமிட்டு, எந்தத் தொகுதி என்று தெரியாத நோய்க்குறியியல் வல்லுநரிடம் மதிப்பெண் போடக் கொடுங்கள். ஸ்லைடில் தொகுதியின் பெயர் எழுதப்படக் கூடாது. இறந்த பகுதியின் பரப்பை விழுக்காடாக அளந்து தருவது, "மிதமான சேதம்" என்ற சொல்லைவிடப் பல மடங்கு பயன்படும்.

ஒன்பதாம் படி: எண்களைப் படிப்பது

நச்சுத் தொகுதியில் கேட்டலேஸ் குறைந்து, சாறு பெற்ற தொகுதியில் இயல்பை நெருங்கியது என்று வைத்துக்கொள்வோம். "சாறு கேட்டலேசை உயர்த்தியது, அதனால் கல்லீரல் பிழைத்தது" என்று எழுதத் தோன்றும். ஆனால் கல்லீரல் பிழைத்ததால் கேட்டலேஸ் மிஞ்சியது என்பதும் அதே எண்களுக்குப் பொருந்தும். இறந்த செல்லில் நொதி இருக்காது. எது காரணம், எது விளைவு என்பதைச் "சாறு மட்டும்" தொகுதிதான் சொல்லும். அங்கேயும் கேட்டலேஸ் உயர்ந்திருந்தால், நச்சு வருமுன்பே செல்லின் அரண் வலுப்பட்டிருந்தது என்று சொல்ல இடம் உண்டு. அங்கே மாற்றமே இல்லையென்றால், நொதியின் மீட்சியைப் பாதுகாப்பின் அடையாளமாக மட்டும் எழுதுங்கள்.

புள்ளியியலில் ஒருவழி அனோவாவும், நச்சுத் தொகுதியோடு மட்டும் ஒப்பிடுவதானால் டன்னெட் சோதனையும், எல்லாத் தொகுதிகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதானால் டூக்கி சோதனையும் செய்யுங்கள். ஏ.எல்.டி. எண்கள் ஒருபக்கம் சாய்ந்திருக்கும், மடக்கை எடுத்த பிறகு சோதிப்பது பெரும்பாலும் தேவைப்படும். வரைபடத்தில் சராசரிக் கம்பிகளோடு ஒவ்வோர் எலியையும் ஒரு புள்ளியாகக் காட்டுங்கள், திட்டப்பிழைக்குப் பதில் திட்டவிலக்கத்தைக் கொடுங்கள். இடையில் இறந்த எலி எந்தத் தொகுதி, எந்த நாள், என்ன காரணம் என்பதும் எழுதப்பட வேண்டும். நச்சுத் தொகுதியில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவை இறந்துபோனால், மிஞ்சியவற்றின் சராசரி நல்லதுபோல் தோன்றும்.

மனிதருக்கான டோஸைப் பற்றி ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். எலியின் டோஸை உடல் பரப்பின் அடிப்படையில் மாற்ற ஏறத்தாழ 6.2 ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 200 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்கு 32 மி.கி. ஆகிறது, 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 1.9 கிராம். எலிக்குக் கிலோவுக்கு 1,000 மி.கி. தந்தால்தான் பலன் தெரிந்தது என்றால், அது மனிதருக்கு நாளொன்றுக்கு ஒன்பது கிராமுக்கும் மேல் வற்றிய சாறாகும். அந்த எண்ணை மறைக்காமல் எழுதுங்கள். எதிர்ப்பொருள் என்றாலே நன்மை என்ற எண்ணத்தோடு பரிந்துரை எதையும் சேர்க்காதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994 இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டீன் பெற்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியது.

முடிவுரையின் வாக்கியத்தை உங்கள் தொகுதிகள் அனுமதிக்கும் அளவுக்கே எழுத வேண்டும். முன்கூட்டிக் கொடுத்த தொகுதி மட்டும் இருந்து, 2ஈ1 அளக்கப்படவில்லை என்றால், "சாறு கார்பன் டெட்ராகுளோரைடின் சேதத்தைக் குறைத்தது, நச்சின் மாற்றத்தைத் தடுத்ததா, ரேடிக்கலைப் பிடித்ததா என்பதை இவ்வாய்வு பிரித்தறியவில்லை" என்று எழுதுங்கள். பின்னால் கொடுத்த தொகுதியிலும் பலன் தெரிந்து, 2ஈ1 மாறாமல் இருந்து, மலோண்டைஆல்டிஹைடும் இறந்த பரப்பும் சேர்ந்து குறைந்திருந்தால், "பாதுகாப்பு நச்சு மாற்றத்துக்குப் பிந்தைய படியில் நிகழ்ந்தது, லிப்பிட் பெராக்சிடேஷன் தடுக்கப்பட்டதோடு இது ஒத்துப்போகிறது" என்று எழுதலாம். 2ஈ1 அடங்கியிருந்தால் அதையே தலைப்பில் வையுங்கள். அதே நொதியால் மாற்றப்படும் மருந்துகளோடு அந்தச் சாற்றைச் சேர்த்து உட்கொள்வோருக்கு அந்தச் செய்தி மிகவும் தேவைப்படும்.